அம்மாவை உட்காரவைக்காதீர்கள்

ஐயா, வணக்கம். மட்டக்களப்பு மண்டூரிலிருந்து எழுதுகிறேன். அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்தது. இப்போது அம்மாவுக்கும். எங்கள் பகுதியில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழி வருவதுபோல இந்த வருத்தமும் தாய்வழிதான் வருகிறதா? மரபணுவில் இருந்தால் எனக்கும் வரத்தானே போகிறது, பிறகு நடந்து என்ன பயன்? வெளிநாட்டிலிருக்கும் சித்தி மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார். செய்யலாமா? அம்மாவை நாங்கள் ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. கண்போலப் பார்க்கிறோம்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகி)

அன்பு மகளுக்கு,

குடி தாயிடமிருந்து மட்டும் வரும். மரபணு பாதி தாயுடையது, பாதி தந்தையுடையது. தாய்வழி மட்டும் வருபவை கலத்துக்குச் சக்தி ஆக்கிக்கொடுக்கும் இழைமணிக்குள் இருக்கும் 37 மரபணுக்கள்தான். அவற்றில் ஒரு மாற்றத்தால், காது மந்தத்தோடு சேர்ந்துவரும் நீரிழிவு ஒன்று உண்டு. அது அரிது. பரிசோதனைக்குக் காசைக் கரைக்காதீர்கள். வெறும் வயிற்றில் இரத்தத்தைக் கொடுத்துச் சீனி பாருங்கள், போதும்.

என்னைப் பதில் எழுதவைத்தது உங்கள் கடைசி வரி. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. வீட்டை அக்காவுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த பிறகு, அம்மாவின் கையிலிருந்து முதலில் விளக்குமாறு போனது. பிறகு கிணற்று வாளி, பிறகு நெல் அவிக்கும் வேலை. எல்லாம் பாசத்தால்தான். விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். விரலில் குத்திச் சீனி பார்க்கும்போது, மிஞ்சிய இரத்தத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு "எவ்வளவாம்?" என்று கேட்பார். குளிசை அதேதான், சோறும் அதேதான். எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அம்மாவின் மரபணு ஒன்றும் அந்தக் கதிரையில் அமர்ந்தபின் மாறிவிடவில்லை.

தசைக் கலத்துக்குள் குளுக்கோசை எடுத்துச்செல்ல குளூட்-4 என்றொரு புரதம் இருக்கிறது. அதை ஆக்கும் மரபணு உங்களிடமும் இருக்கிறது, உங்கள் அம்மாவிடமும் இருக்கிறது. ஆனால் ஓய்ந்திருக்கும் தசையில் அந்தப் புரதத்தின் பெரும்பகுதி கலத்தின் உள்ளே, புடகங்கள் என்ற நுண்ணிய பைகளில் கிடக்கிறது. அங்கே கிடக்கும்வரை அதனால் ஒரு பயனும் இல்லை. கலத்தின் வெளிப்புறத்து ஏற்பியில் இன்சுலின் வந்து ஒட்டியதும், உள்ளே ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, சில நிமிடங்களில் புடகங்கள் கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வுக்கு வந்துவிடுகின்றன. இன்சுலின் குறைந்தால் புரதம் மறுபடி உள்ளே போய்விடுகிறது. 1980இல் எலியின் கொழுப்புக் கலங்களில் இதை ஆய்வாளர்கள் குஷ்மனும் வார்ட்ஸாலாவும் ஒருபுறம், சுசுகியும் கோனோவும் மறுபுறம் கண்டார்கள். மரபணு அதேதான், புரதமும் அதேதான். அது இருக்கும் இடம்தான் மாறுகிறது.

சீனி வருத்தக்காரரின் தசையிலும் இந்தப் புரதம் ஏறக்குறைய வழக்கமான அளவில்தான் இருக்கிறது. இன்சுலினின் செய்தி உள்ளே போய்ச்சேரும் வழிதான் பழுதாகியிருக்கிறது. இன்னொரு வழி அவரிடமும் வேலை செய்கிறது, மகள்! தசை சுருங்கும்போது, கல்சியமும் ஏஎம்பிகே என்ற நொதியமும் போன்றவை இன்சுலினை எதிர்பாராமலே அதே புரதத்தை மென்சவ்வுக்குக் கொண்டுவருகின்றன. தொடர்ந்து உழைக்கும் தசையில் குளூட்-4 மரபணுவே கூடுதலாக இயங்கி இன்னும் புரதத்தை ஆக்குகிறது. கிணற்று வாளியை இழுக்கும் கை மரபணுவையும் இயக்குகிறது. அந்த வாளியைத்தான் நீங்கள் பறித்து வைத்திருக்கிறீர்கள்.

"வரத்தானே போகிறது" என்பது படித்த பிள்ளை பேசும் பேச்சா? அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் நின்ற 3,234 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. வாரம் 150 நிமிட நடையும் 7 சதவீத எடைக் குறைப்பும் இலக்காகக் கொண்டவர்களிடம், நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. பிறகு அவர்களின் மரபணுக்களையும் பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். நீரிழிவு ஆபத்தைக் கூட்டும் டிசிஎஃப்7எல்2 மரபணு வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கும் அந்த நடையும் எடைக் குறைப்பும் பலன் கொடுத்திருந்தன. நடந்து என்ன பயன் என்று இனி என்னிடம் கேட்காதீர்கள்.

அம்மாவிடம் விளக்குமாற்றைத் திருப்பிக் கொடுங்கள். சாப்பிட்டபின் கோயில் வீதிவரை கூட்டிப்போங்கள், நீங்களும் சேர்ந்து நடங்கள். குளிசையை நிறுத்த வேண்டாம். இன்சுலின் போடுகிறார் என்றால், வேலை கூடும்போது சீனி சட்டென்று இறங்கக்கூடும். அதனால் முதலில் கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெறுங்காலோடு மட்டும் விடாதீர்கள். இந்த வருத்தத்தில் பாதத்துக்குச் சூடும் முள்ளும் தெரியாமல் போகலாம். வீட்டுக்கு வந்ததும் இரண்டு உள்ளங்கால்களையும் நீங்களே பாருங்கள்.