ஹிப்னோதெரபியில் சான்றிதழ் பெற்ற பிறகும் மேற்பார்வைக்குப் பணம் செலவழிக்க வேண்டுமா?

ஹிப்னோதெரபியில், அதாவது மனவசியச் சிகிச்சையில், டிப்ளமோ முடித்துத் தனியாகத் தொழில் செய்யும் நீங்கள், சட்டமே கேட்காத மேற்பார்வைக்கு, அதாவது நம் அமர்வுகளை அனுபவமுள்ள இன்னொரு சிகிச்சையாளரிடம் சொல்லி விவாதிப்பதற்கு, மாதாமாதம் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை அறை, மாலையில் மட்டும் வரும் ஆட்கள், அவர்களிலும் பலர் ஒரே அமர்வில் சிகரெட்டை விட்டுவிட வேண்டும் என்று வருபவர்கள் என உங்கள் நிலைமையை ஊகிக்கிறேன். மேற்கு மாம்பலத்தில் நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

சட்டம் கேட்கவில்லை என்பது உண்மைதான். மருத்துவ உளவியலாளராக இருக்க இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும், அதைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகளும் வேண்டும். ஹிப்னோதெரபிஸ்ட் என்று பலகை மாட்டுபவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. பிரிட்டனிலும் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் அங்குள்ள ஆலோசகர்கள், உளச்சிகிச்சையாளர்களின் பெரிய சங்கமான பி.ஏ.சி.பி., அங்கீகாரம் பெற்ற உறுப்பினர் எவ்வளவு மூத்தவரானாலும் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் மேற்பார்வை பெற வேண்டும் என்கிறது.

ஏன் என்பதை என் அனுபவத்தைக் கொண்டே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தூக்கமின்மைக்காக வந்துகொண்டிருந்த ஒரு பெண், சிறுவயதில் உறவினர் வீட்டில் கழித்த கோடை விடுமுறை தனக்கு நினைவிலேயே இல்லை, அங்கே ஏதோ நடந்திருக்க வேண்டும், ஆழ்நிலைக்குக் கொண்டுபோய் அதை வெளியே எடுத்துத் தாருங்கள் என்றார். ஹிப்னாசிஸில் வெளிவரும் நினைவு உண்மையாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, சிகிச்சையாளரின் கேள்வியே நினைவாக உருவெடுத்துவிடலாம், அதன் மேல் சிகிச்சைக்கு வந்தவர் வைக்கும் நம்பிக்கை மட்டும் உறுதிப்பட்டுவிடும் என்பதெல்லாம் நான் அறிந்ததுதான். அந்த வாரம் அடையாறில் என் மேற்பார்வையாளரிடம் பாடம் ஒப்பிப்பதுபோல் இதைச் சொன்னேன். அம்மையார் முழுவதையும் கேட்டுவிட்டு, "அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. என் குறிப்பேட்டில் தூக்கத்தைவிட அந்த விடுமுறையைப் பற்றித்தான் அதிகம் இருந்தது. அடுத்த அமர்வில், அந்த நினைவை ஏன் தேட மாட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் விளக்கினேன். அவர் கோபப்பட்டார், பிறகு தூக்கப் பயிற்சியைத் தொடரச் சம்மதித்தார். குழந்தைப் பருவக் கொடுமைகளை நான் மறுப்பதாக யாரும் கருத வேண்டாம். இத்தனை காலமும் நினைவில் சுமந்ததை ஒருவர் சொல்வது வேறு, இல்லாத நினைவை நாம் தேடித் தருவது வேறு.

இத்தகைய ஒரு கேள்வியை எந்தப் பயிலரங்கிலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. தொடர்கல்வி என்ற பெயரில் நட்சத்திர ஓட்டல்களில் நடப்பவற்றில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி நாற்காலிகள் காலியாகிவிடும்; மாலையில் சான்றிதழ் மட்டும் எல்லோருக்கும் கிடைக்கும். இப்போது நானும் மேற்பார்வை செய்பவன் என்பதால் ஆதாயத்துக்காகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். அப்படித் தோன்றினால் என்னிடம் வர வேண்டாம், வேறொருவரிடம் செல்லுங்கள். கட்டணம் அதிகமாகத் தெரிந்தால் மூன்று நான்கு பேர் சேர்ந்து குழுவாகச் செல்லலாம். டிப்ளமோ கொடுத்தவரிடமே மட்டும் போகாதீர்கள். அடுத்த நிலை வகுப்பில் உங்களைச் சேர்ப்பதுதான் அவருடைய அக்கறையாக இருக்கும்.