ஆபீஸ் கம்ப்யூட்டர் டவுட்டா? கேளுங்க!

கேள்வி: சார், எங்களோடது சின்ன கார்மென்ட்ஸ் ஆபீஸ், ஒன்பது கம்ப்யூட்டர், எல்லாமே விண்டோஸ் 10. சர்வீஸ் பண்றவர் வந்து பாத்துட்டு, அதோட கதை முடிஞ்சு போச்சு, ஒன்பதையும் மாத்தியே ஆகணும்னு கொட்டேஷன் நீட்டிட்டார். நிஜமாவே மாத்தணுமா? – வாசகர், திருப்பூர்

பதில்: கதை முடிஞ்சது உண்மைதாங்க, 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட்ட மைக்ரோசாஃப்ட் நிறுத்திட்டாங்க. அதனால மெஷின் நின்னு போயிடாது, பழையபடி ஓடும், ஆனா புதுசா கண்டுபிடிக்கற ஓட்டைங்கள அடைக்க அப்டேட் வராது. 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் உலகம் பூரா ஆபீஸ் ஆபீஸா பூந்து ஃபைலெல்லாம் பூட்டிட்டு காசு கேட்டுச்சே, அந்த ஓட்டைக்கு மார்ச்லயே பேட்ச் வந்துருச்சு, போடாம விட்டவங்கதான் மாட்டுனாங்க. அதனால அப்படியே விடவும் முடியாது.

ஆனா ஒன்பதையும் தூக்கிப் போடணுமாங்கறது வேற கேள்வி. மொதல்ல மைக்ரோசாஃப்டோட பிசி ஹெல்த் செக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் போட்டு பாருங்க. இன்டெல் ப்ராசஸர்னா பெரும்பாலும் 8-வது ஜெனரேஷன்லேர்ந்துதான் விண்டோஸ் 11 ஏத்துக்கும், கூடவே டிபிஎம் 2.0-ன்னு ஒரு செக்யூரிட்டி வசதி வேணும். இதுலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க, 8, 9-வது ஜெனரேஷன் மெஷின் கூட சில சமயம் தகுதி இல்லன்னு காட்டும், பாத்தா பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கற மெஷினோட செட்டிங்ல, அந்த டிபிஎம் ஆஃப்ல கெடக்கும், அவ்ளோதான் வியாதி. இன்டெல் போர்டுல பிடிடின்னும் ஏஎம்டில எஃப்டிபிஎம்னும் பேர் இருக்கும், ஆன் பண்ணிட்டு திரும்ப செக் பண்ணுங்க. கொட்டேஷன் குடுத்தவர் இத பாத்தாரான்னு நான் கேக்கல, நீங்க கேளுங்க.

நெஜமாவே பழசுன்னா காசு கட்டி அப்டேட் வாங்கற வழியும் இருக்கு. கம்பெனிகளுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன ரேட்டு மெஷினுக்கு மொத வருஷம் 61 டாலர், அப்புறம் வருஷா வருஷம் டபுள், 2028 அக்டோபர் வரைக்கும்தான். மூணு வருஷமும் கட்டுனா 427 டாலர், பழைய மெஷினுக்கு இவ்ளோ அழறதுக்கு புதுசே வாங்கிடலாம், ஒரு வருஷம் தள்ளிப் போட வேணா சரி. பேங்க், ஜிஎஸ்டி வேலை நடக்கற மெஷின மொதல்ல மாத்துங்க. இன்டர்நெட்டும் நெட்வொர்க்கும் இல்லாம ஓரமா லேபிள் மட்டும் அடிக்கற மெஷின் ஏதாச்சும் இருந்தா அது கடைசில பாத்துக்கலாம், ஆனா அதுல கண்ட பென்டிரைவையும் சொருக விடாதீங்க. புதுசு வாங்கறப்போ எட்டு ஜிபி ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் கொறஞ்சு வாங்காதீங்க, விண்டோஸ் ஹோம் வேணாம், ப்ரோ கேளுங்க.

கேள்வி: வேலைய விட்டுப் போன பையன் அவனோட சொந்த மெயில் ஐடி போட்டு லேப்டாப்ப செட்டப் பண்ணிருக்கான். இப்போ ஆன் பண்ணா ஏதோ 48 இலக்க நம்பர் கேக்குது, அவன் போனே எடுக்க மாட்டேங்குறான். – வாசகி, ஈரோடு

பதில்: அது பிட்லாக்கர் ரெக்கவரி கீங்க, அதாவது விண்டோஸ் டிஸ்க்குக்கு போடற பூட்டோட சாவி. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு செட்டப் பண்ணா இப்போ வர்ற நெறைய லேப்டாப்ல டிஸ்க் தானாவே லாக் ஆயிடும், அந்த நம்பர் யார் அக்கவுண்டோ அவங்ககிட்ட போய் உக்காந்துக்கும். பயாஸ் அப்டேட் பண்ணாலோ போர்டு மாத்துனாலோ திடீர்னு கேக்கும். அந்த பையன் அவன் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி எடுத்துக் குடுத்தா உண்டு, சம்பள பாக்கி ஏதாச்சும் இருந்தா மொதல்ல அத செட்டில் பண்ணிட்டு நல்ல விதமா பேசிப் பாருங்க. நம்பர் கெடைக்கலன்னா ஃபார்மேட்தான், டேட்டா போச்சு, எந்த கடைக்காரர் எடுத்துத் தர்றேன்னாலும் நம்பாதீங்க.

இனிமே எந்த மெஷினா இருந்தாலும் ஆபீஸ் பேர்ல இருக்கற ஐடிலதான் மொத செட்டப், அட்மின் பாஸ்வேர்ட் உங்ககிட்ட, ஸ்டாஃபுக்கு ஸ்டாண்டர்ட் யூசர் மட்டும். கண்டத இன்ஸ்டால் பண்ற தொல்லையும் இதுலயே பாதி கொறையும். ரெக்கவரி நம்பர பிரிண்ட் எடுத்து பீரோல வைங்க, அதே லேப்டாப்ல சேவ் பண்ணி வைக்காதீங்க.

கேள்வி: டேலி டேட்டாவ தெனமும் டி டிரைவ்ல காப்பி பண்றேன், போதும்ல? – வாசகர், விருதுநகர்

பதில்: போதாது சார். பெரும்பாலான மெஷின்ல சியும் டியும் ஒரே டிஸ்க்தான், நடுவுல கோடு போட்டு பிரிச்சு வச்சிருக்கு, டிஸ்க் போனா ரெண்டும் சேந்தே போகும். தனியா ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, டேலிய க்ளோஸ் பண்ணிட்டு பேக்கப் எடுத்து, எடுத்த கையோட கேபிள உருவிடுங்க, ஏன்னா சொருகியே இருந்தா வைரஸ் வர்றப்போ அதையும் சேத்து பூட்டிடும். இன்னொரு காப்பி ஆபீசுக்கு வெளிய இருக்கட்டும். மாசம் ஒரு தடவ அந்த பேக்கப்ப வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி, கடைசியா போட்ட பில்லு இருக்கான்னு பாருங்க.