பில் கட்டுவது யார்?

கேள்வி: அமெரிக்கச் சிறைகளில் எதை வாங்கினாலும் டெண்டர், போட்டி, தணிக்கை எல்லாம் உண்டு என்கிறார்கள். அப்புறம் ஏன் கைதிகளின் குடும்பங்கள் தொலைபேசிக்கு இவ்வளவு தண்டம் அழுகின்றன?

பதில்: போட்டி நடப்பதால்தான்! மற்ற டெண்டர்களில் குறைந்த விலை சொன்னவர் ஜெயிப்பார். சிறைத் தொலைபேசியில் பல காலம், வசூலில் பெரிய பங்கைச் சிறைக்கே தருகிறேன் என்றவருக்குத்தான் ஒப்பந்தம் போனது. 'கமிஷன்' என்று கூச்சமில்லாமல் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள். கமிஷன் ஏறினால் நிமிடக் கட்டணமும் ஏறத்தானே செய்யும்? 15 நிமிடம் பேச 17 டாலர் வரை பிடுங்கிய இடங்கள் இருந்தன. கையெழுத்துப் போடுகிறவர் அதிகாரி, பில் கட்டுகிறவர் கைதியின் அம்மா. வேறு கம்பெனிக்கு மாற அவருக்கு ஏது வழி?

மார்த்தா ரைட் என்ற வாஷிங்டன் பாட்டிக்குப் பார்வை கிடையாது. கடிதம் எழுதிச் சமாளிக்கவும் முடியாது. சிறையிலிருந்த பேரனோடு பேசும் செலவு தாங்காமல் 2003-இல் மத்திய தகவல் தொடர்பு ஆணையத்திடம் மனுப் போட்டார். மாநிலம் விட்டு மாநிலம் பேசும் அழைப்புகளுக்கு ஆணையம் உச்சவரம்பு வைத்தது 2013-இல். பத்து வருடம்! மாநிலத்துக்குள் பேசும் அழைப்புகளையும் அதன் அதிகாரத்துக்குள் கொண்டுவந்த சட்டம் 2023 ஜனவரியில் வந்தது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். பார்க்க அவர் இல்லை.

சாப்பாட்டு ஒப்பந்தம் தனிக் கூத்து. மிச்சிகன் மாநிலம் 2013-இல் சிறைச் சமையலைத் தனியாருக்கு விட்டது. இரண்டு கம்பெனிகளைப் பார்த்து அலுத்து, 2018-இல் அரசு ஊழியர்களையே திரும்ப அடுப்படிக்குக் கூப்பிட்டது.

தணிக்கை என்கிறீர்கள். மிசிசிப்பி சிறைத்துறை ஆணையர் கிறிஸ்டோஃபர் எப்ஸ், ஒப்பந்தக்காரர்களிடம் லஞ்சம் வாங்கியதை 2015-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2017-இல் ஏறக்குறைய இருபது வருடச் சிறை கிடைத்தது. சரி, அது திருட்டுப் பணம், பிடிக்க முடிந்தது. தொலைபேசிக் கமிஷனோ ரசீதோடு கஜானாவுக்கு வந்த பணம். தணிக்கையாளர் அதில் என்ன குற்றம் கண்டுபிடிப்பார்? கணக்கு பைசா சுத்தமாக இருக்கும்!

கனெக்டிகட் மாநிலம் 2021-இல் சட்டம் போட்டு, சிறை அழைப்புகளைக் குடும்பங்களுக்கு இலவசமாக்கியது. இப்போது பில் அரசாங்கத்துக்குப் போகிறது. நிமிடத்துக்கு எத்தனை சென்ட் என்று இனி அதிகாரிகளே பேரம் பேசட்டும்.