தீட்டிய அரிசியில் இரும்பு ஏறவில்லை: ஃபெரிட்டின் நெல்

ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) மரபணு சேர்த்த உங்கள் நெல்லில், தீட்டிய அரிசியில் மட்டும் ஏன் இரும்பு ஏறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இரும்பு தவிட்டிலேயே நின்றுவிட்டது, அதனால்தான் உமி நீக்கிய அரிசியில் கூடியது தீட்டியதும் காணாமல் போகிறது.

ஃபெரிட்டினை மட்டும் சேர்த்தீர்கள் என்கிறீர்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். அது இரும்பைச் சேமிக்கும், ஆனால் தானியம்வரை கொண்டுவராது. கடத்துவதற்கு நிக்கோசியானமின் வேண்டும்; செடிக்குள் இரும்பைப் பற்றிக் கொண்டுசெல்லும் சேர்மம் அது. ஐஆர்64 என்ற நெல் ரகத்தில், நிக்கோசியானமினை உண்டாக்கும் என்ஏஎஸ்2 மரபணுவையும் சோயா ஃபெரிட்டினையும் சேர்த்து வயலில் வளர்த்த முடிவு 2016இல் வந்தது: தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் இரும்பு, 45.7 மில்லிகிராம் துத்தநாகம். அருமையான வேலை அது!

சரி, அரிசியைக் குறுக்காக வெட்டி இரும்பு உள்ள இடத்தை நீலமாகக் காட்டும் பெர்ல்ஸ் சாயம் போட்டுப் பாருங்கள். ஓரத்திலும் கருவிலும் மட்டும் நீலம் தெரிந்தால், இரும்பு உள்ளே போகவில்லை என்பது உறுதி.

அப்புறம், இரும்பை அளக்க அரிசியை எஃகு பிளேடு மிக்ஸியில் அரைக்காதீர்கள், இரும்பு கலந்துவிடும். மண்தூசி ஒட்டியிருக்கிறதா என்றறிய மண்ணில் நிறைய உள்ள அலுமினியத்தையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.