கொண்டை சிவந்தாயிற்று, மகளிடம் யார் சொல்வது?

கேள்வி: ஆறு குஞ்சு வளர்க்கிறோம், ஏழு வாரம் ஆகிறது. சேவல் கூவினால் அக்கம்பக்கத்தில் சண்டை வரும், அதனால் சேவலைக் கொடுத்துவிட வேண்டும். தலைகீழாகத் தூக்கிப் பார்த்தோம், நூலில் மோதிரம் கட்டி ஆட்டியும் பார்த்தோம். பத்து வயது மகள்தான் தீனி போடுகிறாள். வருத்தப்படுவாளே என்று எல்லாமே பெட்டைதான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எது சேவல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொள்ளுங்கள். குஞ்சைத் தலைகீழாகப் பிடித்தால் அது மிரளுமே தவிர ஒன்றும் தெரியாது. இறக்கை நீளம் பார்க்கச் சொல்வார்கள். அது பொரித்த இரண்டொரு நாளுக்குள், அதற்கென்றே இனம் கலந்து எடுத்த குஞ்சுகளில் மட்டும்தான் செல்லும்.

உங்களுக்கு இப்போது கொண்டைதான் சாட்சி. பகல் வெளிச்சத்தில், ஒரே இனத்துக் குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேவலுக்கு 6 முதல் 8 வாரத்துக்குள் கொண்டை தடித்துச் சிவக்கும், தாடியும் இறங்கத் தொடங்கும். பெட்டைக்குச் சின்னதாக, வெளிறி இருக்கும். முட்டையிடும் பருவம் நெருங்கும்போதுதான் நிறம் ஏறும். கொண்டை மூன்று வரிசையாகத் தலையோடு படிந்த இனமென்றால் உயரத்தைப் பார்க்காதீர்கள், நடுவரிசையின் அகலத்தையும் நிறத்தையும் பாருங்கள்.

அப்படியும் தெரியாவிட்டால் 12 வாரம் வரை பொறுங்கள். முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் ஓர் இறகை விலக்கிப் பாருங்கள். ஒடுங்கி, நீண்டு, நுனி கூராகப் பளபளத்தால் சேவல். நுனி வட்டமாக இருந்தால் பெரும்பாலும் பெட்டை. பெட்டை மாதிரியே இறகு வைக்கும் சேவல் இனங்களும் உண்டு, பட்டுக்கோழியிலும் இந்தக் கணக்கு உதவாது. கூவவில்லை என்பதை வைத்துப் பெட்டை என்று முடிவுகட்டாதீர்கள். சில சேவல் எட்டு வாரத்தில் கூவும், சில ஐந்து மாதம் வரை வாயே திறக்காது.

இருக்கட்டும். 'எல்லாமே பெட்டைதான்' என்று எந்தத் துணிச்சலில் சொன்னீர்கள்? சேவல், பெட்டை என்று பிரிக்காமல் வாங்கிய ஆறு குஞ்சும் பெட்டையாக அமைய 64இல் ஒரு வாய்ப்புதான். 'இன்னும் தெரியவில்லை கண்ணு' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தினமும் தீனிக் கிண்ணத்தோடு குனிந்து நிற்பவள் அவள். கொண்டை சிவந்ததை உங்களுக்கு முன்பே அவள்தான் பார்த்திருப்பாள். அம்மா சொன்னதால் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பாள். பிள்ளை வருத்தப்படாமல் பார்த்துக்கொள்வது பெற்றவள் வேலை இல்லை. வருத்தம் வரும்போது பக்கத்தில் இருப்பதுதான் வேலை. பள்ளி விட்டு வருவதற்குள் ஒரு சேவலைக் காணாமல் போக்கிவிட்டால், அடுத்த முறை நீங்கள் உண்மையே சொன்னாலும் கூட்டை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

இன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லுங்கள். சேவல் யார் வீட்டுக்குப் போகிறது, வளர்க்கவா, குழம்புக்கா, மறைக்காமல் சொல்லுங்கள். ஒவ்வொரு குஞ்சின் காலிலும் வேறுவேறு நிறத்தில் வளையம் மாட்டி, வாரம் ஒருமுறை கொண்டையைப் பார்த்து எழுதும் பொறுப்பை அவளிடமே கொடுங்கள். வளையத்தை நீங்கள் தடவிப் பாருங்கள். வளரும் கால், இறுகினால் புண்ணாகிவிடும்.