பெரியப்பா அனுப்பிய காணொளியை மறுப்பது எப்படி?

கேள்வி: குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுவதாக ஒரு காணொளியை என் பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துள்ளார். பொய் என்றே தோன்றுகிறது. அவர் மனம் நோகாமல் இதைத் தடுப்பது எப்படி? படித்தவர்கள்கூட இவற்றை நம்புவது ஏன்?

பதில்: 2018-இல் இந்தியா முழுவதும் இதே வகைக் காணொளி ஒன்று பரவியது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் நிற்கும் சிறுவனைத் தூக்கிச் செல்வதை அது காட்டியது. உண்மையில் அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக நடித்து எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம்; சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். இத்தகைய வதந்திகள் மூட்டிய பீதியில், அந்த ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் நாடோடிச் சமூகத்தினர் ஐவரை ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. எனவே உங்கள் ஐயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள்.

காணொளியில் தெளிவான ஒரு காட்சியை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் தேடுங்கள். பழைய படமாயின் முன்பு வெளியான இடம் பெரும்பாலும் அகப்படும். அகப்படவில்லை என்பதால் அது உண்மையாகிவிடாது. ஊரும் நாளும் குறிப்பிடப்பட்டிருந்தால் அப்பகுதிக் காவல் நிலையத்தைக் கேளுங்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து முறை கைமாறி வந்தது என்று பொருள். அதை முதலில் அனுப்பியவர் யாரென்று பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

படித்தவர்களும் நம்புவதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. நைஜீரியாவின் கனோ மாநிலத்தில், போலியோ சொட்டு மருந்து மலடாக்கும் என்ற வதந்தியால் 2003-இல் மருந்து வழங்குவதே நிறுத்தப்பட்டது. அங்கிருந்து கிளம்பிய கிருமி, போலியோ ஒழிந்திருந்த பல நாடுகளுக்கும் மீண்டும் பரவியது. ஆனால் அதே கனோவில் 1996-இல் மூளையுறை அழற்சி பரவியபோது, பன்னாட்டு மருந்து நிறுவனம் ஒன்று குழந்தைகளிடம் புதிய மருந்தைச் சோதித்த கசப்பு மக்கள் மனத்தில் இருந்தது. உண்மையான காயத்தின் மேல்தான் பொய் வேர்விட்டது. கனோவைப் போலவே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்தைத் தருவதாக ஏற்பாடாகி, உள்ளூர்த் தலைவர்கள் இசைந்த பிறகே 2004-இல் பணி மீண்டும் தொடங்கியது. ஆய்வக அறிக்கைகளைவிட, சொல்பவர் யார் என்பதே அங்கே கணக்கில் வந்தது. மியான்மரில் நிலைமை இன்னும் மோசமாயிற்று: பலருக்கு ஃபேஸ்புக்கே இணையமாக இருந்த அந்நாட்டில், பர்மிய மொழிப் பதிவுகளைக் கண்காணிக்கப் போதிய ஆட்கள் இல்லாததால், சிறுபான்மையினரான ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பு தடையின்றிப் பரவியது.

உங்கள் குடும்பத்திலும் சொல்பவரே முக்கியம். ஆதலால் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் பெரியப்பாவை மறுக்காதீர்கள். மறுத்தால் அவர் தம் மதிப்பைக் காத்துக்கொள்ளவே காணொளிக்கு வாதாடுவார். தனியே தொலைபேசியில் அழைத்து, பிள்ளைகள் மீதுள்ள அக்கறையால்தான் அவர் அனுப்பினார் என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, நீங்கள் கண்டறிந்ததைக் காட்டுங்கள். பிறகு, குழுவில் உள்ள காணொளியை நீக்கிவிட்டு, திருத்தத்தை அவரே அனுப்பும்படி கேளுங்கள். 'இது இன்ன நாட்டில் எடுத்த பழைய படம்' என்று உண்மையிலிருந்தே அந்த வாசகம் தொடங்கட்டும். காணொளியை மறுபடி இணைக்க வேண்டாம். அவருக்கு அதை அனுப்பியவருக்கும், அவர் வேறு குழுக்களில் பகிர்ந்திருந்தால் அங்கும், அதே திருத்தம் இன்றே போய்ச் சேர வேண்டும்.