அயிரை கிடந்தால் குட்டைக்கு என்ன கெட்டுப்போகும்?

கேள்வி: பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு குஞ்சு விடப்போகிறோம். அதற்கு முன்னால் இலுப்பைப் புண்ணாக்கு போட்டு, கிடக்கிற பொடிமீனை எல்லாம் ஒழிக்கச் சொல்கிறார்கள். உள்ளே நிறைய அயிரை கிடக்கிறது, மனசு வரவில்லை. என்ன செய்யலாம்? (மேலூர் வாசகர்)

பதில்: வராததே நல்லது. ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்று புண்ணாக்கு போடச் சொல்வது விரால், கெளுத்தி மாதிரி குஞ்சைத் தின்னும் மீன்களுக்காக. ஆனால் அதிலுள்ள சப்போனின் என்ற நச்சு ஆள் பார்த்துக் கொல்லாது, அயிரையும் சேர்ந்து மிதக்கும். அயிரை யார் குஞ்சையும் தின்பதில்லை. அடிமணலில் புதைந்து கிடந்து பாசியும் மக்கிய கழிவும் பொறுக்குகிற சாது. கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில். அப்புறம் எங்கே சண்டை? மிருகால் மட்டும் குறைவாக விடுங்கள், அதுவும் அடியில் மேய்கிறது.

கோடையில் தண்ணீர் வற்றியதும் விராலையும் கெளுத்தியையும் ஜிலேபிக் கெண்டையையும் கையாலேயே பிடித்துவிடலாம். விரால் சேற்றுக்குள் பதுங்கும், காலால் துழாவிப் பாருங்கள். அயிரையை அள்ளி, மணல் போட்ட அண்டாவில் கொஞ்சம் தண்ணீரோடு வைத்திருந்து, குட்டை நிரம்பியதும் திரும்ப விடுங்கள். கட்லா, ரோகு குஞ்சை விரல் நீளத்துக்கு வளர்ந்ததாக வாங்கினால் தப்பிப் பிழைத்த விரால் ஒன்றிரண்டு இருந்தாலும் பெரிய சேதம் வராது.

வங்கதேசத்திலும் ஒரு காலத்தில் மோலா என்ற பொடிமீனைக் களை மாதிரி நினைத்து மருந்து போட்டுக் கொன்றார்கள். அதில், அதுவும் கண்ணில்தான், வைட்டமின் ஏ குவிந்து கிடக்கிறது என்று ஆய்வு செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் சகுந்தலா தில்ஸ்டெட். 2021-ல் உலக உணவுப் பரிசு அவருக்குத்தான். இப்போது அங்கே கெண்டையோடு மோலாவையும் சேர்த்தே வளர்க்கிறார்கள், பெரிய மீன் சந்தைக்கு, பொடிமீன் வீட்டுச் சட்டிக்கு.

கேள்வி: அப்படியானால் அயிரைக்குத் தலையைக் கிள்ளலாமா? மணல் போக எப்படிக் கழுவுவது?

பதில்: கிள்ளவே கூடாது, மதுரைப் பக்கம் யாரும் கிள்ளுவதும் இல்லை. உயிரோடு இருக்கும் அயிரையை மண்சட்டியில் போட்டுக் கல்லுப்பைத் தூவியதும் மூடிவிடுங்கள், இல்லையென்றால் அடுப்படி முழுக்கத் துள்ளும். அடங்கியபின் உரசிக் கழுவினால் நுரை நுரையாக வழுவழுப்பு வரும். தண்ணீர் தெளியும்வரை நாலைந்து தடவை மாற்ற வேண்டும். வயிற்று மண் போகணும் என்றால் உப்புக்கு முன்பே பாலில் கொஞ்ச நேரம் நீந்த விடுவார்கள். கண்ணுக்குக் கீழே பொடி முள் உண்டு, உரசும்போது விரலில் சுருக்கென்று ஏறும், பார்த்து.

கேள்வி: அயிரையை மட்டும் தனியாக வளர்த்தால் லாபமா?

பதில்: விலை கட்லாவைவிடப் பல மடங்கு, சரி. குஞ்சுதான் பிரச்சினை, கட்லா குஞ்சு மாதிரி கேட்ட இடத்தில் கிடைக்காது. ஐப்பசி மழைக்குப் புதுத்தண்ணீர் இறங்கும்போது வாய்க்காலில் எதிர்த்து ஏறுகிறதே, அதைப் பறி வைத்து மொத்தமாக வழித்துவிடாமல் பாதியைக் குட்டைக்குள் போக விடுங்கள். முதலில் அதை ஒரு வருஷம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.